11,900 ரூபா மட்டை: எங்கள் கழகம் இணையத்தில் ஒரு துடுப்பு மட்டை வாங்கிய கதை

எங்கள் விளையாட்டுக் கழகத்தின் கணக்குப் புத்தகத்தில், போன வருசம் மாசி மாதப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "துடுப்பு மட்டை (கடினப்பந்து) 1 – 11,900.00. கூரியர் 450.00." பொருளாளர் என்ற முறையில் அதை எழுதியவன் நான். எழுதிப் பத்தொன்பதாம் நாள், அந்தக் கிரிக்கெட் மட்டையின் அடி நுனியிலிருந்து ஒரு விரல் நீளத் துண்டு கழன்று விக்கெட் காப்பாளரின் காலடியில் விழுந்தது.

விற்றவன் ஏமாற்றினான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கழகத்துப் பெடியள் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் முறைப்பாடு எழுதுவதற்காக நடந்ததை நாள்வாரியாக நான் எழுதிப் பார்த்தபோது, விற்றவனின் பெயர் வருவதற்கு முன்பே எங்கள் பிழைகள் மூன்று வந்துவிட்டன. அதனால்தான் முழுவதையும் எழுதுகிறேன்.

பந்து மாறியது, நாங்கள் மாறவில்லை

எங்கள் ஊர் கிளிநொச்சி மாவட்டத்தில் கண்டாவளைப் பக்கம். காலபோக வெள்ளாமை வெட்டி முடிந்தால் வயல்தான் மைதானம். அடிக்கட்டையைச் செதுக்கி, நடுவில் தண்ணீர் தெளித்து உருட்டி, சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்கும் வரை விளையாடுவோம். எல்லாம் மென்பந்துதான், டென்னிஸ் பந்து. 2010இல் மீளக் குடியேறி வந்த புதிதில் அதுவும் இல்லை. தென்னை மட்டையைச் சீவிப் பிடி வைத்து விளையாடிய பெடியள்தான் இன்றைக்குக் கழகத்தின் மூத்த ஆட்டக்காரர். நாங்கள் இந்தச் சாமானை 'மட்டை' என்று சொல்வதில் எந்த உவமையும் இல்லை. உண்மையாகவே மட்டையால்தான் தொடங்கினோம்.

போன வருசம் பாடசாலை அணியில் கடினப்பந்து (லெதர் பந்து) பழகிய நாலைந்து பேர் கழகத்துக்கு வந்தார்கள். பக்கத்து ஊர்க் கழகமொன்று சீமெந்துத் தளத்தில் கயிற்றுப் பாய் விரித்துக் கடினப்பந்துப் போட்டி நடத்துவதாக அறிவித்தது. நாங்களும் பெயர் கொடுத்தோம். ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் முன்னாள் விக்கெட் காப்பாளர், எல்லோருக்கும் அவர் 'மாமா', 40,000 ரூபா அனுப்பினார். தலைக்கவசம், காற்காப்பு, கையுறை, பந்து எல்லாம் வாங்கிய பிறகு மிஞ்சியது 12,000 சொச்சம். தலைக்கவசத்தை முதலில் வாங்கியதில் எனக்கு இன்றைக்கும் கவலையில்லை. மண்டை உடைந்தால் மட்டை எதற்கு.

முதற் பிழை இங்கேதான். "மிச்சக் காசுக்கு நல்ல மட்டை ஒண்டு பாருங்கோ" என்று நான் அணித் தலைவரிடம் சொன்னேன். எந்தப் பந்துக்கு, எந்தத் தளத்தில், யார் பிடிக்கப் போகிறார் என்று ஒரு சொல்லும் இல்லை. பதினைந்து வருசம் மென்பந்து விளையாடிய கண்ணுக்கு நல்ல மட்டை என்றால் தடித்த விளிம்பு, பெரிய வயிறு, பளபளக்கும் ஸ்டிக்கர். அவர் அதைத்தான் தேடினார். அதுதான் கிடைத்தது.

ஒரு சொல்

முகநூல் பக்கமொன்றில் விளம்பரம். படத்தில் வெள்ளைவெளேரென்று ஒரு மட்டை, முகத்தில் ஒன்பது நேர்கோட்டு வரிகள். நான் எண்ணிப் பார்த்தேன். கீழே: "லெதர் பந்துக்கு உகந்தது. பிரீமியம் கிரேட். பொப்யூலர் வில்லோ. 1150 – 1180 கிராம். கையில் கிடைத்ததும் காசு."

"அண்ணை, பொப்யூலர் வில்லோவாம். எல்லாரும் பாவிக்கிறது போல," என்றார் தலைவர்.

"ஓம், எடுங்கோ," என்றேன் நான்.

இந்த 'பொப்யூலர்' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் நின்று கதைக்க வேண்டும். வில்லோ என்பது கிரிக்கெட் மட்டை செய்யும் மரம். பொப்லர் என்று இன்னொரு மரம் இருக்கிறது. குளிர்நாட்டு மரம், வன்னியில் யாரும் கண்டதில்லை. தீப்பெட்டிக் குச்சி, பழப்பெட்டி, ஒட்டுப்பலகை செய்வார்கள். மலிவான மட்டைகளும் அதில் செய்வார்கள். ஆங்கிலத்தில் அந்த மரத்தின் பெயருக்கும் 'பிரபலமான' என்ற சொல்லுக்கும் ஒரேயோர் எழுத்துத்தான் வித்தியாசம். இந்திய இணையக் கடைகளின் விளம்பரங்களில் பொப்லர் இப்படிப் 'பொப்யூலர் வில்லோ' ஆகிவிடுவது சாதாரணம். சில இடத்தில் எழுத்துப் பிழை, சில இடத்தில் வேண்டுமென்றே செய்வது. பொப்லரும் வில்லோவும் தாவரவியலில் ஒரே குடும்பம் என்பதும் உண்மை. அதற்காக அண்ணனைக் காட்டித் தம்பியைக் கட்டி வைக்கலாமா?

வில்லோவிலேயே இரண்டு. இங்கிலாந்தில் வளர்வது இங்கிலிஷ் வில்லோ. எடை குறைவு, நார் நெகிழ்ந்து கொடுக்கும், கடினப்பந்து பட்டால் உள்வாங்கித் திருப்பித் தள்ளும். விலையும் அப்படி. காஷ்மீரில், முக்கியமாக அனந்தநாக் மாவட்டத்தில் சிறிநகர் நெடுஞ்சாலையோரப் பட்டறைகளில் செய்யப்படுவது காஷ்மீர் வில்லோ. அடர்த்தி கூடியது, பாரமானது, அடி கொஞ்சம் மந்தம், ஆனால் பழகுகிற பெடியளுக்குப் போதும். 11,900 ரூபாவுக்கு இங்கிலிஷ் வில்லோ கிடைக்காது என்பதை ஒரு கடைக்குத் தொலைபேசி எடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் அறிந்திருப்போம். பிறகு கொழும்பில் விசாரித்தபோது, சாதாரண இங்கிலிஷ் வில்லோவுக்கே இதைப்போல மூன்று மடங்குக்கு மேல் சொன்னார்கள்.

'கிரேட்' என்பதும் நாங்கள் நினைத்த மாதிரி இல்லை. தங்கத்துக்குக் கரட் இருப்பது போல மட்டைக்கு எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு கொம்பனியும் முகத்தின் தோற்றம், வரிகளின் நேர்மை, கறை, முடிச்சு என்பவற்றைப் பார்த்துத் தானே போடும் இலக்கம் அது. ஒரு கொம்பனியின் இரண்டு இன்னொன்றின் மூன்றாக இருக்கலாம். வரிகளை எண்ணுவதும் அப்படித்தான். ஒரு வரி ஒரு வருச வளர்ச்சி. வரி நெருக்கமென்றால் மரம் மெதுவாக வளர்ந்தது என்று பொருள். அப்படிப்பட்டது சீக்கிரம் பதப்படும், அதாவது பந்துக்குப் பழகும் என்பார்கள், நீடித்து உழைக்கும் என்பதற்கு அது உத்தரவாதமில்லை. அதுவும் படத்தில் இருந்த ஒன்பது வரியும் எங்கள் மட்டையின் வரிகளே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

பரந்தன் சந்தி

கூரியர்க்காரப் பெடியன் உள்வீதிக்கு வரமாட்டேன் என்றான். மழை பெய்து சேறு. பரந்தன் சந்திக்கு வரச் சொன்னான். தலைவர் போனார். காசு தந்தால்தான் பொதி, பொதி கைக்கு வந்தால்தான் பிரிக்கலாம். அது கூரியரின் விதி, அந்தப் பெடியனில் பிழையில்லை. தலைவர் காசைக் கொடுத்து, பொதியை மோட்டார் சைக்கிளில் குறுக்கே கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பொதியில் இருந்த அனுப்புநர் பெயர் முகநூல் பக்கத்தின் பெயர் இல்லை. உள்ளே பற்றுச்சீட்டும் இல்லை. பிரிக்கும்போது யாரும் வீடியோ எடுக்கவில்லை. எங்கள் இரண்டாவது பிழை.

முகம் முழுவதும் தடித்த பிளாஸ்டிக் தகடு ஒட்டியிருந்தது. 'பாதுகாப்புக்கு' என்று நினைத்தோம். பாதுகாப்புத்தான், ஆனால் அதன் கீழே மரத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. ஆளாளுக்கு வாங்கிக் காற்றில் வீசிப் பார்த்தார்கள். "கொஞ்சம் பாரம்," என்றான் ஒருவன். "பாரமெண்டால் பாயும்," என்றான் மற்றவன். அத்தோடு அந்த விசாரணை முடிந்தது.

மூன்றாவது பிழை பதப்படுத்தல், அதாவது புது மட்டையை எண்ணெய் பூசித் தட்டித் தட்டிப் பந்துக்குப் பழக்குவது. ஒருத்தன் வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து பூசினான். பழைய பந்தைக் காலுறைக்குள் போட்டு ஒரு பின்னேரம் தட்டினார்கள். அடுத்த நாளே வலைப் பயிற்சி.

மட்டையை உடைத்த பந்து யோர்க்கர், ஆட்டக்காரனின் காலடியில் குத்தும் பந்து. மட்டையின் நுனியில் பட்டது. வழக்கமாக வரும் 'டொக்' சத்தம் வரவில்லை, ஈரச் சாக்கில் பொல்லால் அடித்தது போல ஒரு மொத்துச் சத்தம். துண்டு விழுந்த பிறகு மட்டையை வாங்கி நுனிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். தகட்டுக்கு மேலாகவே பந்தின் தையல் வரிசையாகப் பதிந்து கிடந்தது, குழைத்த புட்டு மாவில் விரல் வைத்தது போல. ஒன்றல்ல, ஏழெட்டு இடத்தில். மூன்று நாள் பயிற்சியில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

மட்டையைப் பிரித்துப் பார்த்தது

வெயிலில் ஒரு மணித்தியாலம் வைத்துச் சூடேற்றித் தகட்டை உரித்தோம். கீழே வரி என்று சொல்ல ஒன்றும் இல்லை. வெளிறிய மரம், கையால் தடவினால் பஞ்சு போல நார் எழும்பியது. விளிம்போரம் பருப்பளவு முடிச்சொன்றைப் பசை வைத்து நிரப்பியிருந்தார்கள்.

சந்தியில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் ஐயாவிடம் கொண்டுபோனேன். முதிரையும் பாலையும் கண்ணை மூடிக்கொண்டு மணத்தில் சொல்லிவிடுவார். இந்த மரம் தனக்குத் தெரியாது என்றார். உளியால் மெல்லச் சீவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது நார் எழும்புற மரம். பெட்டி அடிக்க நல்லது," என்றார். விளம்பரத்தில் இருந்த அந்தச் சொல்லை அப்போதுதான் எழுத்தெழுத்தாக மறுபடி வாசித்தேன்.

அதே தெருவில் பலசரக்குக் கடை. அரிசி நிறுக்கும் டிஜிட்டல் தராசில் மட்டையைக் கிடத்தினோம்: 1,352 கிராம். விளம்பரம் சொன்ன உச்ச அளவைவிட 172 கிராம் கூட. மட்டை எடையை இறாத்தலும் அவுன்சும் கொண்டு சொல்வது வழக்கம். 2 இறாத்தல் 8 அவுன்ஸ் என்றால் 1,134 கிராம், 2 இறாத்தல் 10 அவுன்ஸ் என்றால் 1,191 கிராம் அளவில் வரும். பெரும்பாலான ஆட்டக்காரருக்கு அந்த வட்டாரம் போதும். எங்களுடையது கிட்டத்தட்ட 3 இறாத்தல். எங்கள் தொடக்க ஆட்டக்காரன் ஐந்தடி நாலங்குலப் பெடியன். அவன் ஏன் எல்லாப் பந்துக்கும் பிந்தினான் என்பது கடைத் தராசில்தான் விளங்கியது. அவனுக்கு முழு அளவு மட்டையே கூடாது, ஹரோ என்ற இடைப்பட்ட அளவு எடுத்திருக்க வேண்டும். முழு அளவு ஏறத்தாழ ஐந்தடி ஏழங்குலத்துக்கு மேற்பட்டவருக்கு. கொம்பனிக்குக் கொம்பனி அட்டவணை ஓரங்குலம் முன்பின் இருக்கும்.

கடைசியாக விளிம்பை அளந்தோம். எல்லோரும் மெச்சிய தடித்த விளிம்பு, 43 மில்லிமீற்றர். கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. கழகத்தின் விதிப்படி, 2017 ஒக்டோபரிலிருந்து விளிம்பு 40 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. ஆழம் 67 மில்லிமீற்றர், அகலம் 108 மில்லிமீற்றர், கைபிடியோடு நீளம் 96.52 சென்ரிமீற்றர். மென்பந்து மட்டைகளை இந்த விதிக்குள் நின்று செய்ய வேண்டிய தேவை இல்லை, அதனால் கண்டபடி தடிக்க விடுகிறார்கள். மட்டை உடையாமல் இருந்திருந்தாலும், அளவுச் சட்டம் வைத்திருக்கும் நடுவர் ஒருவர் நின்றிருந்தால் அதைக் களத்துக்குள் விட்டிருக்க மாட்டார். நேர்மையான கடைக்காரர் இதே மட்டையை எங்களுக்கு விற்றிருந்தாலும் அது பிழையான மட்டைதான். அதை ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

முறைப்பாடு

விற்றவர் முதலில் பதில் போடவில்லை. பிறகு "பாவித்த பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்றார். பிறகு எங்களைத் தடை செய்துவிட்டார்.

எங்களைக் காப்பாற்றியது ஒரு பெடியனின் அவசரம். மட்டை வாங்கும் சந்தோசத்தில் விளம்பரத்தை முழுதாக ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் கழக வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். எடையும், "லெதர் பந்துக்கு உகந்தது" என்ற வரியும் அதில் இருந்தன. விளம்பரம் அதற்குள் பக்கத்திலிருந்து மறைந்துவிட்டது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், மின்வடிவில் இருப்பதற்காக மட்டும் ஒரு பதிவைச் செல்லாததாக்க முடியாது என்கிறது. ஸ்கிரீன்ஷொட்டை வெறும் படம் என்று அழித்துவிடாதீர்கள்.

1977க்கு அழைத்தோம். அது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம். அந்தச் சபையை அமைத்த 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், பாவனையாளரைப் பிழையாக வழிநடத்தும் நடத்தையையும் பொருளின் தரம் பற்றிய பொய்யான கூற்றையும் தடை செய்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியதும் வியாபாரியின் கடமை. நாங்கள் கேட்கவேயில்லை. எழுத்தில் முறைப்பாடு தரச் சொன்னார்கள். தராசின் படம், விளிம்பு அளந்த படம், ஸ்கிரீன்ஷொட், கூரியர்ச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு கோப்பாக்கினேன். அனுப்புவதற்கு முதல் நாள், இன்னொரு பெடியனின் இலக்கத்திலிருந்து அந்தக் கோப்பின் படத்தை விற்றவருக்குப் போட்டோம். வேறொன்றும் எழுதவில்லை. இரண்டு மணித்தியாலத்தில் வங்கிக் கணக்கு இலக்கம் கேட்டார். 6,000 ரூபா வந்தது.

அத்தோடு விடுவோம் என்று கழகம் முடிவெடுத்தது. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. மூன்று வாரத்தில் அந்தப் பக்கம் பெயரை மாற்றிக்கொண்டு அதே படத்தோடு வேறு யாருக்கோ விற்றுக்கொண்டிருந்தது. முறைப்பாட்டைக் கொடுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது மட்டை

புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில் பொங்கலுக்கு மாமா நேரில் வந்தார். கனடாவிலிருந்து இங்கிலிஷ் வில்லோ ஒன்று பயணப் பெட்டியில் வைத்து அனுப்பலாம் என்றார். விமானத்தில் கையோடு கொண்டுபோக விடமாட்டார்கள், பெட்டிக்குள் போகும். நாங்கள்தான் வேண்டாம் என்றோம். கயிற்றுப் பாய்த் தளத்தில் பழகுகிற பெடியளுக்கு அவ்வளவு விலைச் சாமான் தேவையில்லை, உடைந்தால் மனம் தாங்காது. காஷ்மீர் வில்லோ, ஹரோ அளவு, 1,180 கிராமுக்குள், கடினப்பந்து. இந்த நான்கையும் முதலில் ஒரு தாளில் எழுதினோம், பிறகுதான் தொலைபேசியைத் தொட்டோம்.

மூன்று விற்பனையாளரிடம் ஒரே செய்தியை அனுப்பினேன்: என்ன மரம், எந்த மரத்தால் கைபிடி, முகத்தில் தகடு ஒட்ட முன் எடுத்த படம் இருக்கிறதா, மட்டையைத் தராசில் வைத்து இன்றைய திகதியைச் சொல்லி ஒரு வீடியோ அனுப்ப முடியுமா, கடை விலாசம் என்ன, பற்றுச்சீட்டு வருமா. முதலாமவர் "வீடியோ எடுக்க நேரமில்லை" என்றார். இரண்டாமவர் இணையத்தில் சுட்ட வீடியோ ஒன்றை அனுப்பினார், திகதி இல்லை. மூன்றாமவர் கொழும்பில் உண்மையான கடை வைத்திருப்பவர், அரை நிமிட வீடியோ அனுப்பினார். தராசில் 1,172. மட்டையைப் புரட்டி நுனியையும், கைபிடி வந்து பலகைக்குள் இறங்கும் ஆப்பு வடிவ மூட்டையும் கிட்டக் காட்டினார். மூட்டில் இடைவெளி இருந்தால் அங்கேதான் முதலில் ஆட்டம் காணும். பிறகு ஒரு பழைய பந்தை முகத்தில் மெல்லத் தட்டிக் காட்டினார். தொலைபேசியில் சத்தத்தை வைத்து எதையும் தீர்மானிக்க ஏலாது, ஆனால் கேட்காமலே தட்டிக் காட்டினாரே, அந்த மனதுக்காகவே வாங்கலாம் போலிருந்தது. 16,500 ரூபா. மிச்சத்தை மாமா போட்டார்.

அதே பரந்தன் சந்தி, அதே கூரியர்ப் பெடியன். இந்த முறை காசைக் கொடுத்ததும் மோட்டார் சைக்கிள் இருக்கையில் வைத்தே, பொதியின் விலாசத்தைக் காட்டுவதிலிருந்து தொடங்கி வெட்டாமல் வீடியோ எடுத்துப் பிரித்தோம். "மட்டைக்குள்ள தங்கமே?" என்று அவன் கேட்டான்.

பதப்படுத்தலில் யாரையும் நம்பவில்லை, நானே இருந்தேன். பூச வேண்டியது காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய். கிளிநொச்சியில் நான் ஏறி இறங்கிய ஹாட்வெயார் கடைகளில் பெயின்ற் வேலைக்குரிய காய்ச்சிய எண்ணெய்தான் இருந்தது, வவுனியாவிலிருந்து எடுப்பித்தேன். முகம், விளிம்பு, நுனி, தோள் எல்லாவற்றிலும் துணியால் மெல்லிய பூச்சு. கைபிடி மூட்டிலும் ஸ்டிக்கரிலும் படக்கூடாது. ஒரு நாள் கிடையாகக் காய விட்டு மறுபடி ஒரு பூச்சு. பிறகு தட்டல். தச்சு ஐயா முதிரைக் கட்டையில் தலை உருண்ட கொட்டாப்புளி (மரச் சுத்தியல்) ஒன்று கடைந்து தந்தார். விளிம்பை நேரே அடித்தால் பிளக்கும், சரித்து வைத்து உருட்டிவிடுவது போலத் தட்ட வேண்டும். நாளுக்கு அரை மணித்தியாலமாகப் பன்னிரண்டு நாள், மொத்தம் ஆறு மணித்தியாலம். ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா வேலியால் எட்டிப் பார்த்து, "தம்பி, இன்னும் எத்தினை நாளைக்கு இந்தக் கொட்டு?" என்றா. அதற்குப் பிறகு பழைய பந்தில் மெல்லிய தட்டல், பிறகுதான் வலை.

கழகக் கொட்டில் தகரக் கூரை. வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் உள்ளே நிற்க முடியாது, அந்த வெக்கையில் மரத்தின் ஈரம் வற்றிப் பிளந்துவிடும். அதனால் மட்டை என் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது, மாரியில் நுனி ஈரநிலத்தில் படாமல். இதுவரை ஒரு பருவம் தாங்கியிருக்கிறது. நுனியில் மயிரிழை போல ஒரு கீறல், நாடா சுற்றியிருக்கிறோம்.

பழைய மட்டையை எறியவில்லை. உடைந்த நுனியை ஐயா வெட்டி நேராக்கி, ஒட்டி, றப்பர் வைத்துத் தந்தார். பின்னேரத்தில் சின்னப் பெடியள் அதைக் கொண்டுபோய் மென்பந்துக்கு அடிக்கிறார்கள், வாய்க்கால் தாண்டிப் போகிறது. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்காய்வாளர் அந்த மாசி மாத வரியைத் தொட்டு, "இந்தச் சாமான் இப்ப எங்கை?" என்று கேட்டார். 'கடினப்பந்து' என்பதை ஒரு கோட்டால் வெட்டி, மேலே 'மென்பந்து' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்து வைத்தேன்.